பேர் சொல்லும் கரோலின்

மைக்கின் தலையில் கட்டியிருக்கும் மஞ்சள் துணியை முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு, கடைவாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, "அலோ... அலோ..." என்கிறார் கரோலின். ஆட்டோவின் கூரையில் முன்னும் பின்னும் பார்த்தபடி கட்டிவைத்திருக்கும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் ஒருசேரக் கீச்சிடுகின்றன. "யோவ், அத்த ரவ கம்மி பண்ணு, காது கிய்யுது" என்று வண்டி ஓட்டும் கணவர் தேசப்பனிடம் சொல்கிறார். அடுத்த நொடி அதே தொண்டையிலிருந்து வேறொரு பெண் பேசத் தொடங்குகிறாள். "பேரன்பு கொண்ட சாந்தா நகர் பொதுமக்களே! தவிர்க்க இயலாத காரணங்களால் இன்று மாலை நமது பகுதிக்குக் குடிநீர் லாரி வருகை தராது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே மைக்கின் சுவிட்சில் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது. விரலை அழுத்தினால் மேடைத் தமிழ். எடுத்தால் பிறந்த தெருவின் தமிழ். "பொறந்தப்போ வந்தது வூட்டுக்கு, படிச்சுகினது பொயப்புக்கு" என்று சொல்வார். ஒருமுறை சுவிட்ச் பழுதாகி, குறுக்கே வந்த மீன்பாடி வண்டிக்காரரை அவர் திட்டியது மொத்தத் தெருவுக்கும் கேட்டுவிட்டது. இப்போதும் அந்த ஆள் எதிரில் வந்தால், "அக்கா, மைக்கு ஆஃப்ல கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடந்துபோவார்.

கரோலினுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தடித்த உடம்பு, மெல்லிய மணிக்கட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, அதோடு சேர்த்து மஞ்சள் கயிற்றில் தாலி. தயிர் தொடமாட்டார். ஐஸ் போட்ட எதையும் குடிக்கமாட்டார். காலையில் யாரோடும் சண்டை போடமாட்டார். சண்டை வந்தால் மதியத்துக்கு மேல் வரச்சொல்வார். அறிவிப்பு செய்யும்போது கண்களை மூடிக்கொள்வது வழக்கம். தேசப்பன் முதல் கியரிலேயே வண்டியை உருட்டுவார். நாய்கள் அவரை முந்திக்கொண்டு போகும்.

கட்சிக் கூட்டம், கண் சிகிச்சை முகாம், துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல்போன ஆடு, மாதா கோயில் கொடியேற்றம், அம்மன் கோயில் கூழ், எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வரும். சாவுக்கு மட்டும் தனி அகராதி வைத்திருக்கிறார். மாதா கோயில் தெருவில் ஒருவர் 'இறைவனில் இளைப்பாறுவார்'. கடலோர வரிசை வீடுகளில் 'சிவலோக பதவி அடைவார்'. கட்சிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்து வீடென்றால் 'இயற்கை எய்துவார்'. இதை மாற்றிச் சொல்லி ஒருநாளும் அவருக்குப் பெயர் கெட்டதில்லை. பெயர் கெட்டது ஊர்ப் பெயரால்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் வழியில், விரைவுச்சாலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் சின்ன ஊர் அது. மேற்கே மாதா கோயில் தெரு: துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலைபார்த்த, பார்க்கிற குடும்பங்கள். கிழக்கே மணலை ஒட்டிக் குப்பம்: ஃபைபர் படகுகள், வலைகள், ஏலக் கூடம். நடுவே ஒரு பால்வாடி. எல்லோருக்கும் அது சாந்தாக்குப்பம். ஆனால் அந்தச் 'சாந்தா' யார் என்பதில்தான் வம்பு.

சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஜேக்கப், மாதா கோயில் கமிட்டியின் தலைவர். அவர் கதைப்படி ஒரு போர்ச்சுகீசிய மாலுமியின் கப்பல் இங்கே உடைந்தது. பிழைத்துக் கரையேறியவன் மணலில் சிலுவை நட்டான். 'சாந்தா' என்றால் அவன் பாஷையில் புனிதம். "சாந்தோம் கீதுல்ல, அதே சாந்தா தான் இதுவும்" என்பார். குப்பத்துத் தலைவர் திருமலைக்கு அந்தக் கதையில் கப்பல் உடைந்தது மட்டும் சரி, மீதி அவர் சொல்வது வேறு. கரைக்குத் திரும்பாத புருஷனைத் தேடிக் கடலுக்குள் நடந்துபோன சாந்தாயி என்ற பெண் தெய்வமானாள். அவள் கல் இன்னும் ஏலக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவள் பெயர்தான் ஊருக்கு. இரண்டையும் நம்பாத சிலரும் உண்டு. கிளிஞ்சல் சுட்டுச் சாந்து அரைத்த இடம், அவ்வளவுதான் என்பார்கள். அவர்களை இரண்டு பக்கமும் மதிப்பதில்லை.

அரசியல் இதில் காலை வைத்தது பிற்பாடு. ஒரு கவுன்சிலர் பேருந்து நிழற்குடை கட்டி அதில் 'சாந்தா நகர்' என்று எழுதிவைத்தார். அவருடைய தாயார் பெயர் சாந்தா என்பது திறப்புவிழாவன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த தேர்தலில் வென்ற எதிர்க்கட்சிக்காரர் அதை அழித்து, நல்ல தமிழில் இருக்கட்டும் என்று 'சாந்தம் நகர்' ஆக்கினார். அதற்கு அடுத்து வந்தவர் நிழற்குடையையே இடித்தார். ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆனது. பேருந்து நடத்துநர்கள் எதிலும் சிக்காமல், "சாந்தா இறங்கு" என்றதோடு விசில் ஊதிவிடுவார்கள்.

கரோலின் கண்டுபிடித்த வழி இதைவிட நயமானது. மாதா கோயில் தெருவில் போகும்போது சாந்தாவை அழுத்திச் சொல்லி, 'குப்பம்' என்பதை மெல்ல விழுங்கிவிடுவார். பால்வாடி தாண்டியதும் சாந்தாயிக்குப்பம். விரைவுச்சாலை ஓரக் கடைகளுக்கு சாந்தா நகர். அவரே இதை யோசித்துச் செய்ததில்லை. "வாயி தானா திரும்பிக்கும் சார், வண்டி திரும்புறாப்புல" என்றார், அவரைப் பற்றி எழுதப் போன என்னிடம். பல வருடங்களாக யாரும் இதைக் கவனிக்கவில்லை. அவரவர் தெருவில் அவரவர் பெயரைக் கேட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அவருடைய வீட்டிலும் இந்த இரண்டு ஊர்களும் இருந்தன. கரோலின், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இன்னாசியின் மகள். மாதா கோயில் தெருவில் வளர்ந்தவர். தேசப்பன் குப்பத்துப் படகுக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கரோலின் வேத வாசகம் வாசிக்கும்போது கோயில் குழாய் ஸ்பீக்கர் வழியாக அது கடல்வரை போகும். "ஆள பாத்தது அப்பால. மொதல்ல கொரலுதான். வல இய்த்துகினு கெடக்கசொல்ல காதுல வந்து வுயும்" என்று தேசப்பன் சொல்கிறார். கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் வரவில்லை. பிறகு முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன் குறைந்தபோது, தேசப்பன் படகுப் பங்கை விற்றுவிட்டு ஆட்டோவும் மைக் செட்டும் வாங்கினார். பிறந்த பெண்ணுக்கு, எந்தப் பக்கமும் சண்டைக்கு வரமுடியாத பெயராகப் பார்த்து, கீர்த்தி என்று வைத்தார்கள்.

கீர்த்திக்கு இப்போது வேலை பாரிமுனையில், ஒரு கைப்பேசிக் கடையில். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் திருவொற்றியூர் என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் பாதி வழியில், "குப்பத்துக்குள்ளயா வூடு?" என்று போனில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதுண்டு. நகர் என்று முடிந்தால் என்ன கெட்டுவிடும் என்பது அவள் கட்சி. அவள் வயதுக்காரர்கள் அநேகமாக அந்தக் கட்சிதான்.

இப்படி அடங்கிக் கிடந்த விஷயத்தை ஒரு சிமென்ட் சாலை கிளப்பிவிட்டது. விரைவுச்சாலையிலிருந்து ஊருக்குள் புதுச் சாலை போட்ட கவுன்சிலர், முகப்பில் ஓர் அலங்கார வளைவு வைக்கலாம், பெயரை ஊரே முடிவுசெய்யட்டும் என்றார். வடக்கே இருக்கும் ரசாயனத் தொழிற்சாலை செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. பெயரின் முடிவில் நகர் என்று இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அதன் அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஜேக்கப் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். 'சாந்தா மரியா நகர் என்பதே நமது ஊரின் வரலாற்றுப் பெயராகும். வேறு கதைகள் யாவும் பிற்காலக் கற்பனை.' கரோலின் காலையில் அதை ஊர் முழுக்க வாசித்தார். அன்று மாலையே திருமலை இன்னொரு தாள் கொடுத்தார். 'கடல் கொண்ட தாய் சாந்தாயியின் பெயரை மறைக்க நினைப்போரை வன்மையாகக் கண்டிக்கிறோம்.' அதையும் வாசித்தார். அதே குரல், அதே பேரன்பு, அதே ஏற்ற இறக்கம்.

இரண்டு பக்கமும் அவர்மேல் பாய்ந்தது. குப்பத்தில் யாரோ ஸ்பீக்கர் வயரை அறுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்தில் நின்ற சொந்தத் தங்கை ஃப்ளோரா, எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு தூணைப் பார்த்துக் கும்பிட்டாள். அதையெல்லாம் கரோலின் தாங்கிக்கொண்டார். வீட்டில் நடந்ததைத்தான் தாங்கமுடியவில்லை.

அன்று இரவுச் சோற்றைத் தட்டில் அளைந்துகொண்டே தேசப்பன் கேட்டார். "வேற கத எல்லாம் கற்பனன்னு சொன்னியே. எங்க ஆத்தா கற்பனையா?"

"எய்தி குட்தாங்க, பட்ச்சேன். பொயப்புய்யா அது."

"எய்துனது அவன். வாயி உன்னுதுதானே?"

அன்றோடு இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு நின்றுபோனது. தொழில் நிற்கமுடியாது. அவர் ஓட்ட வேண்டும், இவர் பேச வேண்டும், இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில். கரோலின் தன் வழக்கப்படி ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, "ஓட்டுநர் அவர்கள் பால்வாடி அருகே இடப்புறம் திரும்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பார். சரி என்றால் தேசப்பன் ஹாரனை ஒருமுறை அடிப்பார். முடியாது என்றால் இரண்டுமுறை. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆட்டோவுக்குள் இருந்த இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாதா கோயில் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. குப்பத்தில் படகுகள் கரையேறி, ஆண்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். ரத்ததான முகாம் அறிவிப்பை முடித்துக்கொண்டு ஆட்டோ சாலை முனையில் நின்றிருந்தது. முதலில் மூக்கைச் சுளித்தவர் தேசப்பன். மூத்திரக் காரம்போல ஒரு நெடி. கண் எரிந்தது. வடக்கே தொழிற்சாலைக் குழாய் போகும் பக்கம் வெண்புகை தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. மணலில் நின்ற இரண்டு ஆடுகள் முன்னங்காலை மடித்து உட்கார்ந்தன.

மாதா கோயில் தெருவிலிருந்து ஒருவர் அதற்குள் தீயணைப்புக்குப் போன் செய்து, சாந்தா நகர் என்று சொல்லியிருக்கிறார். கொருக்குப்பேட்டைப் பக்கமும் ஒரு சாந்தா நகர் இருந்தது. வண்டி அங்கே போய்த் தேடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

பேச்சு நின்றபிறகு முதல்முறையாக தேசப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். "கரோலு, மைக்க போடு. வாடக் காத்து அடிக்குது. தெக்கால ஓடுனா பின்னாலயே வரும். மேக்கால, ரயிலு பாத பக்கம் போவச் சொல்லு."

கரோலின் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கத்தில், "பேரன்பு கொண்ட..." என்று ஆரம்பித்தார். அடுத்து வரவேண்டியது ஊர்ப் பெயர். அங்கே நின்றுபோனார்.

அந்த இடத்தை என்னிடம் அவர் விளக்கியது இப்படி: "சாந்தா நகர்ன்னு சொன்னா, குப்பத்துக்காரன் தனக்கில்லன்னு பொரண்டு படுப்பான். சாந்தாயின்னா, கோயில் தெருக்காரன், குப்பத்துல கூயு ஊத்துறாங்கன்னு நெனச்சிகினு டிவி பாப்பான். ரெண்டு மாசமா சண்ட போட்டு வச்சிக்கிறாங்களே, எந்தப் பேரு சொன்னாலும் பாதி ஊருக்குக் காது கேக்காது. இன்னான்னு கூப்புடுவேன்?"

கண்ணைத் திறந்தார். எதிரே இருந்த வீட்டைப் பார்த்தார். அது ஃப்ளோராவின் வீடு.

"ஃப்ளோரா! ஏ ஃப்ளோரா! கொயந்தைங்கள தூக்கிகினு வெளிய வா! கேஸு லீக் ஆயிகீது! பூட்டு கீட்டு தேடாத, அப்டியே வாடி!"

ஸ்பீக்கரிலிருந்து அப்படி ஒரு தமிழ் வந்ததும் தெரு விழித்துக்கொண்டது. மேடைத் தமிழென்றால் யாரோ எங்கோ அறிவிக்கிறார்கள் என்று இருந்திருப்பார்கள். இது பக்கத்து வீட்டுக்காரி அலறுவது.

தேசப்பன் முதல் கியரை விட்டு வண்டியைப் பாய்ச்சினார். கரோலின் ஒவ்வொரு வாசலாகக் கூப்பிட்டார். "ஜேக்கப்பண்ணே, கதவத் தொறங்க! ராணி, உன் மாமியார எய்ப்பு! அங்கம்மாக்கா, மூஞ்சில ஈரத்துணி கட்டு! திருமலை மாமா, படகாண்ட போவாத, உசுரு முக்கியம்! தெக்கால ஓடாதீங்க, மேக்கால போங்க, மேக்கால!" எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்குக் காது மந்தம், யார் வீட்டில் பச்சைக்குழந்தை என்பது அவருக்குத் தெரியும். அந்த வீடுகளின் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் சொன்ன வாய் அது. ஊர்ப் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

ஜனம் மேற்கே ஓடியது. மாதா கோயில் தெரு ஆட்கள் குப்பத்துக் கிழவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு ஓடினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். கரோலின் அதைப் பார்க்கவில்லை. அவர் அப்போது இரண்டாவது சுற்றில் இருந்தார். பக்கவாதத்தில் படுத்த சுயம்பு, குப்பத்துக் கடைசி வரிசையில் தனியாக இருப்பது அவர் நினைவுக்கு வந்திருந்தது. "வேணாம்னு சொல்வாருன்னு பாத்தேன். வண்டிய திருப்பிட்டாரு" என்றார் கணவரைப் பற்றி. புகைக்குள் போய், தேசப்பன் சுயம்புவை வாரிக்கொண்டு வந்து பின்சீட்டில் போட்டார். சுயம்புவின் தலையை மடியில் வைத்து, தன் முந்தானையை நனைத்து அவர் முகத்தை மூடிவிட்டு, கரோலின் மூடாத வாயோடு மைக்கில் கத்திக்கொண்டே வந்தார்.

யாரும் சாகவில்லை. நிறையப் பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தேசப்பனுக்குக் கண் தேற வெகுநாள் ஆனது. கரோலினுக்குத் தொண்டை வெந்திருந்தது. குரல்நாண் புண்ணாகியிருக்கிறது, வாயைத் திறக்கக்கூடாது, ஆறினாலும் பழைய குரல் வராது என்றார் மருத்துவர். கரோலின் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மருத்துவர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஃப்ளோரா தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். பூசையில் தூணைக் கும்பிட்டதைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஒருத்தியால் பேச முடியாது, இன்னொருத்திக்குப் பேச வாய் வரவில்லை.

தொழிற்சாலையின் விளக்கம் அதற்குள் வெளிவந்தது. அதன்படி, பாதுகாப்பு எல்லைக்குள் மீனவக் குப்பம் எதுவும் இல்லை. சற்றுத் தொலைவில் சாந்தம் நகர் என்ற குடியிருப்பு மட்டுமே உண்டு. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் அதை ஜேக்கப் கைப்பேசியில் படித்துக்காட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமலை கண்ணில் மருந்துத் துணியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நகர்ன்னு வைக்கச் சொன்னது இதுக்குத்தானா?" என்றார் திருமலை.

"குப்பம்ன்னு பேரு இல்லன்னா, கடலாண்ட நமக்கு சோலியே இல்லன்னு ஆயிடும்" என்றார் ஜேக்கப். "உனக்கு மட்டும் இல்ல. எங்களுக்கும்தான்."

பெயர் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் கோடை தொடங்கும்போது பள்ளி மைதானத்தில் நடந்தது. அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஊரை என்னவென்று அழைக்கிறீர்கள் என்று அவர் கேட்ட முதல் கேள்விக்கே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. விபத்தன்று கரோலின் சாந்தா என்றுதான் கூப்பிட்டார் என்று மாதா கோயில் தெரு சத்தியம் செய்தது. சாந்தாயி என்றுதான் கூப்பிட்டார், தன் காதால் கேட்டேன் என்று அங்கம்மா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானாள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கேட்க விரும்பியதை அவரவர் கேட்டிருந்தார்கள். அதிகாரி கரோலினையே எழுந்து சொல்லச் சொன்னார். உப்புத்தாள் தேய்ப்பதுபோல ஒரு குரல் வந்தது.

"ஊரு பேரே சொல்லல சார். ஆளுங்க பேரத்தான் சொன்னேன்."

பிறகு ஜேக்கப்பும் திருமலையும் சேர்ந்து ஒரு மனுவை மேசையில் வைத்தார்கள். முதல் பாதி எதுவாயினும், கடைசியில் குப்பம் என்றே இருக்க வேண்டும். சம்மதிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார் அதிகாரி. பெண்கள் வரிசையில் கீர்த்தியின் கை எழுந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "சரி, முதல் பாதி?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், பழைய கூச்சல் எழும்பியது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வளைவு ஊர்ப் பணத்திலும் கவுன்சிலர் நிதியிலும் எழும்பி நிற்கிறது. பெயிண்டர் தீர்மானம் ஆனதை மட்டும் எழுதிவிட்டுப் போனார். வலதுபாதியில் 'குப்பம்' என்று நீலத்தில் பெரிதாக இருக்கிறது. இடதுபாதி வெறும் வெள்ளை. ஆடியில் அந்த வெள்ளையில் வேப்பிலை தொங்கும், டிசம்பரில் நட்சத்திரம். மற்ற மாதங்களில் காக்கை உட்காரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எழுத்து உதிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கரோலின் மறுபடி தொழிலுக்கு வந்துவிட்டார். துணிக்கடைகள் வருவதில்லை. பென் டிரைவில் பதிந்த இளங்குரலைப் போட்டுக்கொண்டு போகும் வண்டிகள் வந்துவிட்டன. கட்சிகளும் அநேகமாக அந்தப் பக்கம் போய்விட்டன. சாவும் சொட்டு மருந்தும் இவரிடம்தான் வருகின்றன. "கரகரன்னு கீது, ஆனா நம்மாளு சொன்னாத்தான் நம்பிக்க" என்று திருமலை சொல்கிறார். நீளமாகப் பேசினால் மூச்சு வாங்குகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, எச்சில் விழுங்கிவிட்டு, அடுத்ததைத் தொடங்குகிறார். மேடைத் தமிழ் அப்படியேதான் இருக்கிறது. நடுநடுவே கொஞ்சம் வீட்டுத் தமிழ் எட்டிப்பார்க்கிறது. அதை அவர் இப்போது தடுப்பதில்லை.

போன வாரம் நான் அந்த ஆட்டோவின் பின்சீட்டில் இருந்தேன். சொட்டு மருந்து முகாம் அறிவிப்பு. புதுச் சாலையில் திரும்பி, வளைவின் நிழலுக்குள் வண்டி நுழைந்தது. "பேரன்பு கொண்ட" என்று சொல்லி நிறுத்தினார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். அவர் எச்சில் விழுங்கவில்லை. அடுத்து வரவேண்டியது ஊர்ப் பெயர். முன்பக்கம் சாய்ந்து, ஓட்டிக்கொண்டிருந்த தேசப்பனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் வாய்க்கு எதிரே மைக்கைப் பிடித்தார். கட்டைவிரல் சுவிட்சை அழுத்தியே இருந்தது.

இத்தனை வருடத்தில் தேசப்பன் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியை ஓரங்கட்டினார். என்ஜினை நிறுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, மைக்கை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.